என் விரலுக்கு ஆகாத நகப்பூச்சு

ஜூன் 9, திங்கள்

கத்திரி முடிந்துவிட்டதாம். காலண்டரில் மட்டும்தான்.

காலையில் எழுந்தால் இடது கண் திறக்கவில்லை. இமை பணியாரம் மாதிரி உப்பியிருந்தது. வலது கொஞ்சம் பரவாயில்லை. ஓவியா முகக்கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டினாள். "அம்மா, உன்ன தேனீ கொட்டிச்சா?" யூ.கே.ஜி.யில் போன வாரம் தேனீ பாடம்.

என் அம்மா: திருஷ்டி. எதிர் வீட்டு அக்கா: மெட்ராஸ் ஐ. என் வீட்டுக்காரர் சுதாகர்: "நேத்து கத்திரிக்கா துன்னியே, அதான்." அம்மா உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். புகையில் கண் இன்னும் எரிந்தது.

கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பஸ். பெரும்பாக்கத்திலிருந்து தி.நகர் வரை நின்றபடியே. கண்டக்டர்: "இன்னா மேடம், ஷூட்டிங்கா?" சிரித்தால் இமை இழுத்தது.

பார்லருக்குள் நுழைந்ததும் சொர்ணம் அக்கா, "ஏட்டி மஞ்சு, என்ன கண்ணு இப்படி வீங்கிக் கெடக்கு? கஸ்டமர் பாத்தா பயந்துருவாவ. இன்னைக்கு உள்ள இருந்து சாமானத்தத் தொடச்சு வையி" என்றார். அக்கா திருநெல்வேலிப் பக்கம். அவர் வீட்டுக்காரருக்குக் கீழே ஜவுளிக்கடை, மேல் மாடியில் அக்காவின் நகப் பார்லர். ஃபேஷியல் அக்காவே செய்வார். நகம் செய்ய ஆள் இரண்டு பேர்: நான், மிசோரத்திலிருந்து வந்த லியானி.

இந்த நோட்டு எதற்கென்றால், கை சும்மா இருந்தால் சொறிகிறது. பேனா பிடித்தால் சொறியாது. அவ்வளவுதான்.

ஜூன் 12, வியாழன்

மேகம் மட்டும். மழை இல்லை.

இமை கொஞ்சம் வடிந்திருக்கிறது, செதில் செதிலாக உரிகிறது. விரல்கள்தான் மோசம்.

வல. கட்டை: நுனி வெடிப்பு, ரத்தம்.
வல. ஆள்காட்டி: வெங்காயச் சருகு மாதிரி உரிகிறது. எல்லாவற்றிலும் இதுதான் மோசம்.
வல. நடு: நகத்தடியில் வலி. நகம் சதையை விட்டுக் கொஞ்சம் தூக்கியிருக்கிறது.
இட. கட்டை: அரிப்பு மட்டும்.

ரசம் சாதம் பிசைய முடியவில்லை. உயிர் போகிறது. ஓவியாவுக்கு ஸ்பூனில் ஊட்டினேன். "நான் என்ன பாப்பாவா?" என்று கோபம் அவளுக்கு.

ரேஷன் கடையில் விரல் வைத்தேன், மெஷின் ஏற்கவில்லை. கடைக்காரர், "தொடச்சிட்டு வைம்மா." துடைத்தேன். "அழுத்தி வை." அழுத்தினேன், வலித்தது. என் விரலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரேகையே இல்லியேமா உனக்கு" என்றார். வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். கடைசியில் அம்மா வந்து விரல் வைத்து வாங்கினோம்.

ரேகையே இல்லை. வீடு வந்து சேரும் வரை அதே நினைப்பு.

மெடிக்கல் ஷாப்பில் கொடுத்த டியூப்: போட்டால் அடங்குகிறது, விட்டால் முன்னைவிட மோசமாக வருகிறது. மூன்றாவது டியூப் இது.

ஜூன் 15, ஞாயிறு

லீவு. வஞ்சிரம். நான் ஆய முடியாததால் சுதாகரே ஆய்ந்து கழுவிக் கொடுத்தார். ஈக்காட்டுத்தாங்கலில் லேத் பட்டறையில் வேலை அவருக்கு. மீனை வெட்டுவதிலும் அளவு பார்க்கிறார்.

வெட்டிக்கொண்டே கேட்டார்: "மே மாசம் உங்க அக்கா ஊட்டு கல்யாணத்துக்குப் போனியே, ஒரு வாரம். அப்போ கண்ணு எப்டி இருந்திச்சி?"

நன்றாகத்தான் இருந்தது. போன் எடுத்து போட்டோ பார்த்தேன். இமை பளிச்சென்று இருக்கிறது.

"அங்கயும் கத்திரிக்கா துன்ன. கருவாடு துன்ன. ஒண்ணியும் ஆவல. வேலைக்கு வந்த நாலாம் நாளு பூத்துகினு வருது. இன்னா அர்த்தம்? எங்க பட்டறைல ஒர்த்தனுக்கு கூலன்ட் எண்ணெல கைய வெச்சி வெச்சி முழங்கை வரைக்கும் பொத்துகினு வந்திச்சி. உன் வேலைலதான் இன்னாவோ கீதுமே."

எனக்குக் கோபம் வந்தது. ஆபீஸ் கக்கூஸ் கழுவிக்கொண்டிருந்தவள் நான். சொர்ணம் அக்காதான் என் கோலத்தை ஒரு நாள் பார்த்துவிட்டு, "கை நடுங்காம இழுக்கா பாரு" என்று பிரஷ்ஷைக் கையில் கொடுத்தார். இப்போது பெண்கள் என் பெயரைச் சொல்லிக் கேட்டு வருகிறார்கள். அந்த வேலையைப் போய் எப்படிச் சொல்லலாம்?

சாப்பிட்டு முடித்து, மறுபடி அந்த போட்டோவைப் பார்த்தேன். அவர் சொல்வது சரி.

டாக்டரிடம் போகிறேன். மெடிக்கல் ஷாப் போதும். முடிவு.

ஜூன் 17, செவ்வாய்

தோல் டாக்டர், ராயப்பேட்டையில். லேடி டாக்டர். காத்திருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாட்டியம்மா, "நாயுருவி அரைச்சித் தடவு" என்றார். அவருக்கே காலில் கட்டு.

இதுவரை எல்லாரும் என்ன சாப்பிட்டாய் என்றுதான் கேட்டார்கள். டாக்டர் கேட்டது: "என்ன வேலை பாக்குறீங்க?"

சொன்னேன். எப்படிப் போடுவீர்கள், செய்து காட்டுங்கள் என்று கையை நீட்டினார். அவர் பேனாவையே பிரஷ்ஷாகப் பிடித்து, அவர் விரலைக் கஸ்டமர் விரல் மாதிரி வைத்துக்கொண்டு காட்டினேன். ஜெல் என்கிற கெட்டி நகப்பூச்சுதான்: அடிப்பூச்சு, விளக்கில் காய வைப்பது, கலர், மறுபடி விளக்கு. நகத்தை விட்டுத் தோலில் வழிந்தால், காய்வதற்கு முன் என் ஆள்காட்டி விரல் நுனியால் ஒரு வழி வழித்துவிடுவேன். பழக்கத்தில் அதையும் செய்தேன். டாக்டர் அந்த விரலைப் பிடித்துக்கொண்டார்.

"இந்த விரல்லதானே ஜாஸ்தி?"

ஆமாம்.

"கைல வந்தா சரி டாக்டர். கண்ணுல நான் ஒண்ணுமே போடலயே?"

"கண் இமைத் தோல் ரொம்ப மெல்லிசும்மா. நகத்த ராவுற தூசி பறந்து வந்து படும். கையும் நமக்குத் தெரியாமயே முகத்தத் தொட்டுக்கிட்டேதான் இருக்கும். விரல் தாங்குறத இமை தாங்காது. நெயில் பாலிஷ் அலர்ஜி நெறைய பேருக்கு முதல்ல இமையிலயும் கழுத்துலயும்தான் வரும். விரல் சுத்தமா இருக்கும். அதனாலயே யாரும் நகத்தச் சந்தேகப்பட மாட்டாங்க."

எந்தப் பொருள் என்று உறுதியாகத் தெரிய பேட்ச் டெஸ்ட். முதுகில் சின்னச் சின்னதாக மருந்து ஒட்டுவார்கள். திங்கள் ஒட்டி, புதன் எடுத்து, வெள்ளி மறுபடி பார்ப்பார்கள். அதுவரை முதுகில் தண்ணீர் படக்கூடாது. வியர்க்கவும் கூடாது.

ஜூன் மாதத்தில், சென்னையில், வியர்க்கக் கூடாது. சொல்லும்போது டாக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஜூன் 23, திங்கள்

ஒட்டியாயிற்று. முதுகு முழுக்க வரிசை வரிசையாகக் கட்டம், மேலே பிளாஸ்திரி. நர்ஸ் பேனாவால் எண் எழுதினார். கூசியது.

ஓவியாவுக்கு ஒரே சந்தோஷம். "அம்மா முதுகுல பாண்டி கட்டம்!" கலர் பென்சிலோடு வந்துவிட்டாள். அம்மா இழுத்துப் பிடித்தாள்.

வேலைக்கு லீவு சொன்னேன். அக்கா போனில், "ஒரு அலர்ஜிக்கு ஒரு வாரமா? எங்க ஊருல ஆடு மாடு சொறிஞ்சா வேப்பெண்ண தடவி அவுத்து விட்ருவோம்ளா" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும்.

ஜூன் 24, செவ்வாய்

கரண்ட் போய்ப் போய் வந்தது. ஃபேன் நின்றதும் முதுகு ஈரமாகிவிடுமோ என்று பயம். சுதாகர் வேலைக்குக் கிளம்பும் முன் அட்டையால் விசிறினார். அவர் போனபின் அம்மா. பள்ளி விட்டு வந்ததும் ஓவியா, பாட்டுப் பாடிக்கொண்டே.

மேல் வரிசையில், வலது பக்கம், நெருப்பு வைத்த மாதிரி அரிக்கிறது. சுவரில் ஒரு தேய் தேய்த்தால் சொர்க்கம். தேய்க்க மாட்டேன். தேய்த்தால் திரும்ப முதலிலிருந்து.

குப்புறப் படுத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக வருகிறது.

தேய்க்க மாட்டேன்.

ஜூன் 27, வெள்ளி

பார்த்தாயிற்று. புதன் எடுத்தபோதே ஒரு கட்டம் சிவப்பு. இன்று அதே இடத்தில் கொப்புளம். பக்கத்தில் இன்னொன்றும். டாக்டர் போனில் படம் எடுத்துக் காட்டினார். மற்ற கட்டங்கள் இருந்த இடமே தெரியவில்லை.

ஜெல்லிலும், செயற்கை நகம் கட்டும் அக்ரிலிக்கிலும் இருக்கும் அக்ரிலேட் என்ற பொருள். அதில் முக்கியமானதை ஹெமா என்று சொல்கிறார்கள். ஒரு தடவை உடம்பு இதை எதிரி என்று பிடித்துக்கொண்டால் ஆயுசுக்கும் விடாதாம். சாதாரண பாட்டில் நகப்பூச்சில் வேறு பிசின், அது சிலருக்கு ஆகாது. எனக்கு அது ஒன்றும் செய்யவில்லை.

"இனிமே ஜெல், அக்ரிலிக் உங்க கைகிட்டயே வரக் கூடாது. பல் டாக்டர்ட்ட போனாலும் சொல்லணும். பல்லு அடைக்கிறதுலயும் இதே குடும்பத்துச் சாமான் இருக்கு."

"கிளவுஸ் போட்டுக்கிட்டா?"

"நீங்க பார்லர்ல போடுற மெல்லிசு ரப்பர் கிளவுஸ்ல நிமிஷத்துல உள்ள பூந்துரும். நைட்ரைல் கிளவுஸ்னு வேற ஒண்ணு இருக்கு, அதையும் அடிக்கடி மாத்தணும். அதுவும் அலர்ஜி இன்னும் வராதவங்களுக்கு. உங்களுக்கு அது போதாது."

"வேற வழியே இல்லயா டாக்டர்?"

"தொழிலயே விட்டுருங்கன்னு நான் சொல்லலம்மா. ஜெல்ல விடுங்க. நகத்துக்குச் செய்ய வேற வேலை இல்லயா?"

பஸ்ஸில் வரும்போது அழுகை வந்தது. இமை பாழாகும் என்று அழவில்லை.

வீட்டில் சொன்னேன். சுதாகர் வாயைத் திறந்து, "யாருமே அது ஹேமா? நம்ம குடும்பத்துல பூந்து ஆடிக்கினு கீறா?" என்றார். அம்மாவுக்குக் காது சரியாகக் கேட்காது. "யாரு ஹேமா? எவ அவ?" என்று எழுந்தே வந்துவிட்டாள். அப்புறம்தான் எனக்குச் சிரிப்பு.

குளித்தேன். முதுகில் தண்ணீர் விழுந்த சுகத்தை எழுதத் தெரியவில்லை.

ஜூன் 28, சனி

அக்காவிடம் ரிப்போர்ட்டைக் கொடுத்தேன். படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"சரி, நீ ஜெல்லுப் போட வேண்டாம். வாசல்ல உக்காந்து போன் எடு, பேர் எழுது. ஆனா ஒண்ணு சொல்லுதேன் மஞ்சு. இத வெளிய யாருகிட்டயும் பேசப்பிடாது. ஆவணி முகூர்த்தத்துக்கு இப்பவே பொண்ணுங்க கேக்குதாவ. உனக்கு ஒத்துக்கலன்னா அது உன் ஒடம்பு. எல்லாருக்குமா வருது?"

எல்லாருக்கும் வராது. உண்மைதான். தலையாட்டினேன்.

வாசல் மேசையில் உட்கார்ந்து கையைப் பார்த்தேன். பருத்திக் கையுறை, உள்ளே மருந்து. என் மேசையில் லியானி ஒரு பெண்ணுக்குப் பூ வரைந்துகொண்டிருந்தாள். என் டிசைன்.

ஜூலை 3, வியாழன்

சாயங்காலம் ஒரு தூற்றல். மண் வாசனை வரும் முன்பே நின்றுவிட்டது.

மத்தியானம் மயிலாப்பூரிலிருந்து ஒரு மாமியும் பெண்ணும். பெண் ஸ்ரீவித்யா, ஆவணியில் கல்யாணம். இங்கேதான் ஏப்ரலில் அவளுக்கு நான் ஜெல் போட்டேன், நினைவிருக்கிறது. அப்போது அக்கா விற்கும் டப்பாவும் வாங்கிப் போனாள். வீட்டிலேயே போட்டுக்கொள்ளும் ஜெல், சின்ன விளக்கோடு.

துப்பட்டாவை எடுத்தாள். இரண்டு இமையும் தடித்து, கழுத்தில் பட்டை பட்டையாகச் சிவப்பு.

மாமி: "இவ மூஞ்சியப் பாருங்கோ. கல்யாணத்த வெச்சுண்டு இப்படி நிக்கறா. மாம்பழத்த நிறுத்தியாச்சு, குங்குமத்த மாத்தியாச்சு, தலகாணி உறையக்கூட மாத்தியாச்சு. ஆத்துல தினம் இதே பேச்சு. ஏதாவது ஃபேஷியல் பண்ணி சரி பண்ண முடியுமோ?"

அக்கா: "வேப்பிலை ஃபேஷியல் போடுவோம் மாமி. ரெண்டு தடவைல சரியாயிரும்."

நான் ஸ்ரீவித்யாவின் விரலைப் பார்த்தேன். தானே போட்டுக்கொண்ட ஜெல், தோல் மேலெல்லாம் வழிந்து காய்ந்திருக்கிறது. நகத்தோரம் சிவந்து, நுனி உரிந்து. அதே வெங்காயச் சருகு.

பேசாமல் இருந்திருக்கலாம். பேர் எழுதி, நேரம் கொடுத்து, ஃபேஷியல் அறைக்கு அனுப்பியிருக்கலாம்.

எழுந்து நின்றேன். "ஃபேஷியல் வேணாம் மாமி. இது நகத்துல போடுற ஜெல்லால இருக்கும்."

"நகத்துல போட்டா கண்ணு எப்படிடீம்மா வீங்கும்?"

கையுறையைக் கழற்றிக் காட்டினேன். டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னேன், தூசி, இமைத் தோல், பேட்ச் டெஸ்ட். "நீங்களா பிச்சி எடுக்காதீங்க ஸ்ரீவித்யா, நகம் போயிரும். புதுசா ஒரு க்ரீமும் போடாதீங்க. முதல்ல தோல் டாக்டரப் பாருங்க. அந்த டப்பாவத் தொடவே தொடாதீங்க."

ஸ்ரீவித்யா தன் விரலையும் என் விரலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். மாமி அக்காவைப் பார்த்தார். அக்கா என்னைப் பார்த்தார்.

அவர்கள் படியிறங்கியதும்:

"என் கடையில நின்னுக்கிட்டு என் சாமானத்தையே குத்தம் சொல்லுதியா? நாளைக்கு அந்த மாமி மயிலாப்பூர் பூரா சொல்லும். எவ வருவா இங்க?"

"தெரிஞ்சி எப்படிக்கா சும்மா இருக்கறது?"

"உன்ன வேலைக்கு வச்சது நானு."

"ஆமாக்கா. அத மறக்கல. ஆனா நாளைக்கு இன்னொருத்தி இதே மாதிரி வந்து நின்னா, இதேதான் சொல்லுவேன்."

"அப்ப நாளைக்கு வராத."

பையை எடுத்துக்கொண்டேன். லியானி தலை நிமிரவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

வீட்டில் யாரும் எதுவும் கேட்கவில்லை. அதுவே கஷ்டமாக இருந்தது. நானே கேட்டேன், "நா பண்ணது தப்பா?"

சுதாகர்: "தப்பு இன்னா கீது? பட்டறைல மிஷின் புட்டுக்குமுன்னு தெரிஞ்சா கத்துவோமா மாட்டோமா? கத்துனா மேஸ்திரி திட்டுவான். திட்டட்டும்."

அம்மா மட்டும், "நல்ல பொம்பளடி அது. உன் கல்யாணத்துக்குப் பொடவ எடுத்துக் குடுத்தா" என்றாள். அதுவும் நிஜம்.

லியானி போன் செய்தாள். தி.நகர் தெருவில் கற்றுக்கொண்ட தமிழ். "அக்கா, என் கட்டை விரலும் கிழியுது. ரொம்ப நாள். சொல்லல. பயம்." கையுறைக்குள் மறைத்து வைத்திருந்தாளாம்.

"நீ என்கூட வா. டாக்டர்கிட்ட போலாம்." பயமாக இருக்கிறதென்று நாலு தடவை சொன்னாள். நாலு தடவையும் வா என்றேன்.

ஜூலை 9, புதன்

லியானிக்கு லீவு நாள். ராயப்பேட்டைக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் விரலைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். இவளுக்கு நகப்பூச்சை அழிக்கும் அசிட்டோனில் காய்ந்து வெடித்ததாக இருக்கலாம், எதற்கும் டெஸ்ட் செய்யலாம் என்றார். வராமல் பார்த்துக்கொள்ள வழியும் சொன்னார். நான் திரும்பத் திரும்பக் கேட்டு மனதில் ஏற்றினேன்: நைட்ரைல் கையுறை, அடிக்கடி மாற்றுவது, தோலில் ஜெல் படாமல் போடுவது, பட்டால் குச்சியால் எடுப்பது, ஜெல்லுக்குரிய விளக்கையே வைப்பது, அரைகுறையாகக் காய்ந்தது ஆபத்து, தூசியை இழுக்கும் ஃபேன், மாஸ்க்.

வெளியே வந்து டீ. லியானி, "இது எல்லாம் சொர்ணம் அக்கா வாங்குவாங்களா?" என்றாள்.

தெரியாது. கேட்டுத்தான் பார்க்க வேண்டும். கேட்க நான் அங்கே இல்லை. அதுதான் எரிச்சல்.

அடையாறில் ஒரு பார்லரில் ஆள் கேட்டிருந்தார்கள், போனேன். "ஜெல் போடத் தெரியுமில்ல?" தெரியும், போட மாட்டேன் என்றேன். "அப்புறம் எதுக்கு வந்தீங்க?" நியாயமான கேள்வி. தேனாம்பேட்டையிலும் ஒன்று பார்த்தேன், அதே கேள்வி.

நாளையும் போவேன்.

ஜூலை 20, ஞாயிறு

ஆடி பிறந்தும் காற்றைக் காணோம்.

லியானிக்கு டெஸ்ட் முடிந்தது. ஜெல் அலர்ஜி இல்லை. போனில் கத்தினாள், காது வலித்தது.

பதினோரு மணி போல் கதவு தட்டும் சத்தம். திறந்தால் சொர்ணம் அக்கா. லிஃப்ட் வேலை செய்யவில்லை, மாடி முழுக்க ஏறி வந்திருக்கிறார். பேச மூச்சில்லை. ஓவியா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

குடித்து முடித்து, "எப்படிளா தெனம் ஏறுதிய?" என்றார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அந்த மாமி போன் பண்ணுனாவ. சண்டைக்குத்தான்னு நெனச்சேன். டெஸ்ட் எடுத்தாவளாம், நீ சொன்னதேதானாம். 'அந்தப் பொண்ணு எங்க, அவகிட்டத்தான் பேசணும்'ங்காவ. நான் என்னன்னு சொல்ல? தொரத்திவிட்டேம்னா?"

காலிச் சொம்பை வாங்கி வைத்தேன்.

"வீட்டுக்குப் போனா எம்மவ மேசை மேல அதே டப்பா. பதினொண்ணாப்புப் படிக்கா. பிரெண்டுவளுக்கெல்லாம் போட்டுவிடுதாளாம். எனக்கு ஈரக்கொலையே நடுங்கிட்டு. கடையில இருந்த டப்பா அம்புட்டையும் எடுத்துட்டேன். நீ வா."

வருகிறேன் என்று உடனே சொல்லத்தான் வாய் வந்தது. அடக்கினேன். "வரேன்க்கா. ஆனா ஜெல் தொட மாட்டேன். எனக்கு ஜன்னல் பக்கம் தனி மேசை வேணும். வெட்டுறது, ராவுறது, எண்ணெய் மசாஜ், சாதா பாலிஷ். அங்க ஜெல் டப்பாவே வரக் கூடாது."

"சரி."

"லியானிக்கு நைட்ரைல் கிளவுஸ். பொட்டி பொட்டியா. தூசி இழுக்குற ஃபேன்."

"ஃபேன் ஆடி போவட்டும்ளா, இப்ப ஜவுளிக்கடையில தள்ளுபடி நேரம், எலக்ட்ரீசியன் கெடைக்க மாட்டான்."

"நா வர அன்னிக்கி ஃபேன் சுத்தணும்க்கா."

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஜவுளிக்கடையில் பேரம் பேசும் பார்வை அது. "அப்புறம்?"

"ஜெல் கேக்குற ஒவ்வொருத்தர்கிட்டயும் முன்னாடியே சொல்லணும். அரிச்சா, கண்ணு வீங்குனா நிறுத்திட்டு டாக்டரப் பாருங்கன்னு. சுவத்துல போர்டும் வெக்கணும்."

"போர்டு வேண்டாம். வாயால சொல்லு. போர்டு வச்சா நானே கடைய மூடுன மாதிரி."

சுதாகர் உள்ளிருந்து இருமினார். நான் யோசித்தேன். வாயால் சொல்வதென்றால் என் வாய். அது என் கையில் இருக்கிறது.

"சரிக்கா. போர்டு வேணாம். ஆனா நா சொல்லும்போது குறுக்க வரக் கூடாது."

"வரல, தாயே."

அம்மா சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்றாள். நெத்திலிக் குழம்பு. அக்கா இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கினார்.

ஆகஸ்ட் 4, திங்கள்

மறுபடி வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம் ஆயிற்று. ஃபேன் சுற்றுகிறது, லாரி மாதிரி சத்தம்.

ஜன்னல் மேசைக்கு ஆள் வரவில்லை. வருகிறவர்களிடம் சொல்கிறேன். சிலர் கேட்டுக்கொண்டு லியானியிடம் போய் ஜெல்லே போட்டுக்கொள்கிறார்கள். அவர்கள் இஷ்டம், கேட்ட பிறகு போட்டுக்கொள்கிறார்கள். ஒரு பெண், "பயமுறுத்தியே அனுப்புறீங்க" என்று எழுந்து போனாள். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு கம்ப்யூட்டரைப் பார்த்தார். குறுக்கே வரவில்லை. சொன்ன சொல் காப்பாற்றினார்.

சாயங்காலம் வங்கியில் வேலை செய்யும் ஒரு அக்கா. ஜெல்லைச் சுரண்டிச் சுரண்டி நகம் காகிதமாகிவிட்டது அவருக்கு. வெட்டி, ஓரம் தேய்த்து, எண்ணெய் தடவி ஒவ்வொரு விரலாக நீவினேன். பாதியில் தூங்கிவிட்டார்.

என் ஆள்காட்டி விரலில் புதுத் தோல். ரோஜா நிறம். தொட்டால் பஞ்சு, நூல், நகத்தின் கூர் எல்லாம் தனித்தனியாகத் தெரிகிறது. இத்தனை நாள் தெரியாமலே வேலை செய்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

விடியற்காலை நல்ல மழை. மாம்பலம் பக்கம் தெருவெல்லாம் தண்ணீர். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கடைக்குப் போனேன்.

பத்தரைக்கு மாமியும் ஸ்ரீவித்யாவும். வியாழக்கிழமை கல்யாணம். இமை சுத்தம். கழுத்தில் லேசாக ஒரு நிழல், அதுவும் உற்றுப் பார்த்தால்தான். பழைய ஜெல் முழுக்கப் போய்விட்டது, நகம் குட்டையாக இருக்கிறது. அவளுக்கும் பேட்ச் டெஸ்டில் சாதா பாலிஷ் ஒன்றும் செய்யவில்லையாம், டாக்டர் போட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். இருந்தும் நான் பாட்டிலைக் காட்டி, மறுபடி கேட்டு, அப்புறம்தான் திறந்தேன்.

கூறைப்புடவைக்குப் பொருத்தமாக அரக்கு நிறம். ஓரம் பிசகாமல், தோல் தொடாமல், மூன்றே இழுப்பு. கை நடுங்கவில்லை.

"ஜெல் மாதிரி மூணு வாரம் இருக்காதே?" என்றாள் ஸ்ரீவித்யா.

"இருக்காது. நாலஞ்சு நாள். அப்புறம் வாங்க, மறுபடி போட்டு விடுறேன்."

மாமி சோபாவில் உட்கார்ந்து சமையல்காரரோடு போனில் சண்டை. "பாயசத்துக்கு ஜவ்வரிசி போடாதேங்கோன்னு எத்தன தரம் சொல்றது?" பேசி முடித்துவிட்டு எழுந்து வந்து, பெண்ணின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் கையையும் கேட்டார். நீட்டினேன். என் ஆள்காட்டி நுனியைத் தன் கட்டை விரலால் ஒரு தரம் தடவிப் பார்த்தார்.

"நன்னா ஆயிடுத்தே."

"ஆயிடுச்சு மாமி."

கொஞ்சம் தயங்கினார். வாசலைப் பார்த்தார். அப்புறம் பெண் எழுந்த நாற்காலியில் உட்கார்ந்து, மேசை மேல் கையை வைத்தார். விரலிடுக்கில் மஞ்சள் கறை, நகமெல்லாம் ஒட்ட வெட்டியது.

"நான் இதெல்லாம் போட்டுண்டதே இல்ல. வலது கைக்கு வேண்டாம், சாப்பிடணும். இடது கைக்கு மட்டும் போடு."

ஸ்ரீவித்யா, "அம்மா!" என்றாள்.

"நீ சும்மா இரு."

எந்தக் கலர் என்று கேட்டேன். வரிசையாக வைத்திருந்த பாட்டில்களை ஒவ்வொன்றாகத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். கத்திரிப்பூ நிறத்தில் வந்து நின்றார். உங்களுக்கு ஒத்துக்கொள்ளுமா தெரியாது, இன்றைக்கு ஒரே விரலில் போட்டு இரண்டு நாள் பார்க்கலாம் என்றேன். யோசித்துவிட்டு மோதிர விரலை மட்டும் நீட்டினார்.

போட்டேன். காய்கிற வரை கையை அசைக்காமல் வைத்திருந்தார். போன் அடித்தது, சமையல்காரர்தான். எடுக்கவில்லை.